ஆடியவர் சொல்லும் சான்றுதான்: ஒரு பழைய கணினி விளையாட்டும் அதன் ஆட்டக்காரர் கருத்துகளும்

 

கணினி விளையாட்டைப் பற்றித் தில்லியில் பேசப்படும் இடங்கள் அண்மையாண்டுகளில் பெருகியிருக்கின்றன. 2022 ஏப்ரலில் தகவல், ஒலிபரப்பு அமைச்சகம் அனிமேஷன், விளையாட்டு முதலிய துறைகளுக்கென ஒரு பணிக்குழுவை அமைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் இ-ஸ்போர்ட்ஸ் அரசின் முறையான ஏற்பைப் பெற்று, இளைஞர் நலன், விளையாட்டு அமைச்சகத்தின்கீழ் வந்தது. 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. இவை குறித்த பேச்சுகளிலெல்லாம் ஆட்டக்காரர் இரண்டு உருவங்களிலேயே தோன்றுகிறார். ஒன்று, மீட்கப்பட வேண்டிய அடிமை. மற்றொன்று, எண்ணிக்கையாகக் காட்டப்படும் நுகர்வோர். தாம் ஆடியதைப் பற்றி எண்ணி, ஒப்பிட்டு, தீர்ப்புரைக்கும் மனிதர் என்னும் மூன்றாவது உருவம் அங்கே இல்லை. பல்கலைக்கழகத்திலும் அவரை அரிதாகவே காண்கிறோம் என்பதே என் கவலை.

இக்கவலைக்கு அண்மைக் காரணமும் உண்டு. கருத்தரங்கு ஒன்றில், பழைய விளையாட்டு ஒன்றைப் பற்றி ஆட்டக்காரர்கள் பல்லாண்டுகளாக எழுதிவந்த கருத்துகளைச் சான்றாகக் காட்டியபோது, "இவை வெறும் ரசிகர் அரட்டை, சான்றாகா" என்று ஒரு மூத்த அறிஞர் மறுத்தார். மறுப்பு மரியாதையுடன் சொல்லப்பட்டது. ஆயினும் அது பலரும் பகிரும் எண்ணம் என்பதால் பொதுவில் விடை சொல்வது நலம் எனக் கருதுகிறேன். அதற்கு ஒரே ஒரு விளையாட்டை எடுத்துக்கொள்கிறேன்: 1999இல் நியூ வேர்ல்ட் கம்ப்யூட்டிங் உருவாக்கி, 3டிஓ நிறுவனம் வெளியிட்ட 'ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் 3'.

ஆடியறியாதவர்களுக்குச் சில சொற்கள். இது முறைவைத்து ஆடும் போர்த்தந்திர விளையாட்டு. ஒவ்வொரு முறையும் ஒரு நாள். ஏழு நாள் ஒரு வாரம். வாரம் பிறந்ததும் நகரங்களில் புதிய படையுயிர்கள் பெருகும். அவ்வாரம் எந்த உயிரிக்குரியது என்று சோதிடர்கள் அறிவிப்பதும் உண்டு. பொன், மரம், கனிமம், பாதரசம், கந்தகம், படிகம், மணிகள் என ஏழு வகைச் செல்வங்களை ஈட்டி நகரை வளர்க்க வேண்டும். படையை நடத்தும் நாயகர் களத்தில் நேரடியாக வாள் வீசுவதில்லை. தம் ஆற்றலால் படைக்கு வலுவூட்டுவார், மந்திரம் செலுத்துவார். பட்டறிவு கூடக்கூடப் புதிய திறன்களைக் கற்பார். ஒருவர் கற்கக்கூடிய துணைத்திறன்கள் எட்டே என்பதால், எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்பதில்தான் ஆட்டத்தின் வேர் இருக்கிறது. எட்டு வகை நகரங்கள் முதல் வெளியீட்டில் இருந்தன. ஒன்பதாவது பின்னர் வந்தது. அதன் கதைக்குப் பிறகு வருகிறேன்.

இவ்விளையாட்டைப் பற்றிய கருத்துகள் என்று நான் குறிப்பிடுவது "நன்று", "நன்றன்று" என்னும் ஒற்றைச் சொல் தீர்ப்புகளை மட்டுமன்று. கழுகுக்கண் என்றொரு துணைத்திறன் உண்டு. எதிரி போரில் பயன்படுத்தும் மந்திரத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பை அது தரும். ஏட்டளவில் கவர்ச்சியான கருத்து. ஆனால் ஆட்டக்காரர்கள் ஏறத்தாழ ஒருமித்து அதைப் பயனற்ற திறன்களுள் ஒன்றாக ஒதுக்கினர். எட்டே இடங்கள் உள்ளபோது, எப்போதாவது பலிக்கும் ஒன்றுக்கு ஓரிடத்தைத் தாரைவார்க்க முடியாது என்பது அவர்கள் காட்டிய காரணம். அதற்கு மாறாக, நெடுந்தொலைவு நடக்க உதவும் திறனும் நில மந்திரமும் முதன்மை பெற்றன. நில மந்திரத்தில் தேர்ந்தவர், நகர்ப்பெயர்ச்சி மந்திரத்தால் தாம் விரும்பும் தம் நகருக்கு நொடியில் சென்று சேரலாம். பரந்த வரைபடத்தில் காலமே பெருஞ்செல்வம் என்பதை ஆடி ஆடிக் கண்டுகொண்டவர்களின் தீர்ப்பு இது.

மற்றோர் எடுத்துக்காட்டு. களத்திலுள்ள நண்பர், பகைவர் அனைவரையும் எரிக்கும் 'ஆர்மகெடான்' மந்திரம் ஒன்று. எம்மந்திரமும் தீண்டாத கருநாகப்பறவை போன்ற கறுப்பு டிராகன் மற்றொன்று. இரண்டையும் இணைத்தால், படை முழுவதும் டிராகன்களாகக் கொண்டு, களத்தையே எரித்துவிட்டுத் தான் மட்டும் நிற்கலாம். இந்த இணைப்பு முறையானதா, ஆட்டத்தின் சுவையைக் கெடுப்பதா என்ற விவாதம் நீண்டது. பிணங்களை எழுப்பும் நெக்ரோமேன்சி பற்றிய விவாதம் அதைவிட நீண்டது. முதல் வெளியீட்டில் அத்திறனில் தேர்ந்தவர், வென்ற போரில் மாண்டோரில் நூற்றுக்கு முப்பது என்ற அளவில் எலும்புக்கூட்டு வீரர்களைத் தம் படையில் சேர்க்கலாம். வெற்றி படையைத் தேய்ப்பதற்கு மாறாகப் பெருக்குகிறது. இது நேர்மையான போட்டியைச் சிதைக்கிறது என்றனர் சிலர். அந்நகரின் மற்றக் குறைகளுக்கு இதுவே ஈடு என்றனர் வேறு சிலர்.

இவ்விவாதங்களின் அமைப்பைக் கவனிக்க வேண்டுகிறேன். ஒரு கூற்று வைக்கப்படுகிறது, அதற்குச் சான்றாக ஓர் ஆட்டச்சூழல் காட்டப்படுகிறது, மற்றொருவர் வேறு சூழலைக் காட்டி மறுக்கிறார், கூற்று திருத்தப்படுகிறது. தமிழ் படித்தவர்களுக்கு இந்நடை புதிதன்று. தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்கு இளம்பூரணர், சேனாவரையர், நச்சினார்க்கினியர், தெய்வச்சிலையார், கல்லாடர் ஆகியோர் எழுதிய உரைகள் நம் கையில் உள்ளன. ஒருவர் கொண்ட பொருளை மற்றொருவர் மறுப்பதும், எடுத்துக்காட்டு மாற்றுவதும், அம்மறுப்பினூடே நூல் தெளிவுபெறுவதும் நாம் போற்றும் மரபு. ஆட்டக்காரர் குறிப்புகளை உரையாசிரியர்களுக்கு நிகராக்குவது என் நோக்கமன்று; கல்வியின் ஆழத்தில் இரண்டும் ஒன்றாகா. ஆயினும், ஒரு விதித்தொகுதியை மையமாக வைத்துத் தலைமுறை கடந்து நடக்கும் விளக்கமும் மறுப்பும் என்னும் வடிவத்தை நாம் முன்பே அறிவோம். அறிந்த வடிவத்தை அறியாத இடத்தில் கண்டால் அரட்டை என்று ஒதுக்குவது முறையாகாது.

இனி ஒன்பதாவது நகரின் கதை. முதல் விரிவாக்கத் தொகுதியான 'ஆர்மகெடான்ஸ் பிளேடு' 1999இல் வெளிவந்தது. அதில் 'ஃபோர்ஜ்' என்னும் நகரைச் சேர்க்க உருவாக்கக் குழு திட்டமிட்டிருந்தது. இயந்திரமும் வெடிகலமும் மாயத்தோடு கலந்த நகரம் அது. செய்தி வெளியானதும் ஆட்டக்காரர்களிடையே கடும் எதிர்ப்பு எழுந்தது. தேவதைகளும் டிராகன்களும் உலவும் உலகில் இயந்திரங்களுக்கு என்ன வேலை என்பது அவர்கள் கேள்வி. இறுதியில் ஃபோர்ஜ் கைவிடப்பட்டது. அதனிடத்தில் ஐம்பூதங்களை நினைவூட்டும் உயிரிகள் கொண்ட 'கான்ஃப்ளக்ஸ்' நகரம் வந்தது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. 1986இல் தொடங்கிய 'மைட் அண்ட் மேஜிக்' தொடரில் அறிவியல் புனைவு தொடக்கத்திலிருந்தே கலந்திருந்தது. மாயவுலகமாகத் தோன்றுவது உண்மையில் விண்வெளிசார் தொழில்நுட்பத்தின் ஆக்கம் என்பதே அதன் மறைபொருள். ஃபோர்ஜ் நகரமும் அத்தொடரின் ஏழாம் விளையாட்டினுடைய முடிவுகளுள் ஒன்றின் தொடர்ச்சியாகவே திட்டமிடப்பட்டது. எனவே ஆக்கியோர் தம் கதைக்கு உண்மையாக இருந்தனர். ஆனால் தந்திர விளையாட்டை மட்டும் ஆடியவர்களுக்கு அந்தக் கதைப்பின்னணி தெரிந்திருக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. அவர்கள் தாம் ஆடிய உலகுக்கு உண்மையாக இருந்தனர். படைப்பு யாருடையது என்னும் பழைய வினா இவ்விடத்தில் மிகக் கூர்மையாக எழுகிறது.

அவ்வினா விளையாட்டுக்கு மட்டும் உரியதன்று. கல்கி 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வ'னைத் தொடராக எழுதி முடித்தபோது, முடிவில் நிறைவுறாத வாசகர்களின் வினாக்களை எதிர்கொண்டு முடிவுரை எழுத நேர்ந்தது. 1893இல் ஷெர்லாக் ஹோம்சைக் கொன்ற கோனன் டாயில், 1903இல் அவரை உயிர்ப்பித்தார். கல்கி விளக்கம் தந்தார், கதையை மாற்றவில்லை. டாயில் கதையையே திறந்தார். ஃபோர்ஜ் நிகழ்வு மூன்றாம் வகை: படைப்பு வெளிவருமுன்னரே வாசகர் அதை நிறுத்திவிட்டனர். இலக்கிய ஏற்புக் கோட்பாட்டைப் பாடமாக நடத்தும் துறைகள் இதைவிடத் தெளிவான ஓர் எடுத்துக்காட்டை எளிதில் காண இயலாது.

ஆட்டக்காரர் எதிர்ப்பு சரியானதா? என் கருத்தில், அன்று வென்ற கருத்து ஆட்டத்துக்கு நன்மை செய்ததென உறுதியாகச் சொல்ல முடியாது. எதிர்ப்பின் விளைவாக வந்த கான்ஃப்ளக்ஸ் நகரமே பின்னாளில் அளவுமீறிய வலிமையுடையது என்ற குற்றச்சாட்டுக்கு ஆளானது. பல போட்டிகளில் அதை விலக்கிவைக்கும் வழக்கமும் தோன்றியது. மேலும் வியப்பான ஒன்று: ஆட்டக்காரர்களே கூடி உருவாக்கி, 2011 முதல் வளர்த்துவரும் 'ஹார்ன் ஆஃப் தி அபிஸ்' என்னும் கட்டணமில்லா விரிவாக்கத்தில், 2023ஆம் ஆண்டின் இறுதியில் 'ஃபேக்டரி' என்ற நகரம் சேர்க்கப்பட்டது. பெயரே சொல்வதுபோல, பொறிகளும் பட்டறைகளும் நிறைந்த நகரம். கால் நூற்றாண்டுக்கு முன் இயந்திரத்தை மறுத்த அதே ஆட்டச் சமூகம் அதை ஆர்வத்தோடு வரவேற்றது. விண்வெளிக் கருவிகளுக்கும் நீராவிக்காலப் பொறிகளுக்கும் வேறுபாடு உண்டு என்பது ஒரு விளக்கம். வெளியிலிருந்து திணிக்கப்படுவதற்கும் உள்ளிருந்து வளர்வதற்கும் உள்ள வேறுபாடு மற்றொரு விளக்கம். எதுவாயினும், கருத்துகளை ஆண்டுவாரியாக வைத்துப் பார்த்தாலன்றி இம்மாற்றம் நம் கண்ணுக்கே புலப்படாது. நெக்ரோமேன்சியின் வலிமையையும் இக்குழுவினர் குறைத்துவிட்டனர். நீண்ட விவாதம் இறுதியில் விதியாகவே மாறியது.

ஆட்டக்காரர் சொல்லின் மதிப்புக்கு இன்னொரு காரணம், மூலப்பொருளே அழிந்துகொண்டிருப்பது. 3டிஓ நிறுவனம் 2003இல் நொடித்தது. தொடரின் உரிமையை யுபிசாஃப்ட் வாங்கியது. 2015இல் மூன்றாம் பாகத்தின் மெருகேற்றிய பதிப்பு வெளிவந்தபோது, இரண்டு விரிவாக்கத் தொகுதிகளும் அதில் இல்லை. அவற்றின் மூல நிரல் பயன்படுத்தக்கூடிய நிலையில் கிடைக்கவில்லை என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். பதினைந்து ஆண்டுகளுக்குச் சற்றே மேற்பட்ட காலத்தில், உரிமையாளர் கையிலேயே மூலம் இல்லை! செல்லரித்த ஏடுகளைத் தேடி அலைந்த உ.வே.சாமிநாதையரின் நாட்டில் பிறந்த நமக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. அந்த விளையாட்டு இன்றும் புதிய கணினிகளில் இயங்குகிறதென்றால், விதிகளை நுணுகிக் குறித்துவைத்து, நிரலைப் பிரித்தறிந்து, பிழைகளைத் திருத்திய ஆட்டக்காரர்களுக்கு அதில் பெரும் பங்குண்டு. அவர்களுடைய கருத்தும் அவர்களுடைய பாதுகாப்புப் பணியும் ஒரே செயலின் இரு பகுதிகள்.

இந்தியச் சட்டம் இதில் நமக்கு உதவுவதில்லை. 1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி, பதிப்பாளர் தம் நூலின் படிகளைக் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னைக் கன்னிமாரா, தில்லிப் பொது நூலகம் உள்ளிட்ட நூலகங்களுக்கும் அளிக்க வேண்டும். பின்னர் இதழ்களும் சேர்க்கப்பட்டன. கணினி விளையாட்டு அதில் இல்லை. ஆகவே, இந்நாட்டில் உருவாகும் விளையாட்டுகளுக்கும் இதே கதி நேரலாம். புனேயின் நோடிங் ஹெட்ஸ் நிறுவனம் உருவாக்கி, 2020இல் வெளிவந்த 'ராஜி' போன்றவற்றைப் பற்றி முப்பதாண்டுக்குப் பின் எழுதப்போகும் மாணவருக்கு எந்த நூலகமும் கை கொடுக்காது.

தில்லியின் பங்கை இங்கே நேர்மையாகச் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளின் இறுதியிலும் அடுத்த பத்தாண்டிலும் நேரு பிளேசும், கன்னாட் பிளேசின் நிலத்தடியிலுள்ள பாலிகா பஜாரும் கள்ளப்படிக் குறுந்தகடுகளுக்குப் பெயர்பெற்றவை. சென்னையில் ரிச்சி தெருவும் பர்மா பஜாரும் எப்படியோ அப்படி. நம் நாட்டில் ஒரு தலைமுறை மேலைநாட்டு விளையாட்டுகளை அறிந்தது பெரிதும் இவ்வழியில்தான். அது சட்டத்துக்குப் புறம்பானது. அதை நியாயப்படுத்த நான் வரவில்லை. ஆனால் அதன் அறிவுசார் விளைவு ஒன்று கவனிக்கத்தக்கது. விற்பனைக் கணக்கில் அந்த ஆட்டக்காரர்கள் இல்லை. கையேடு இல்லாத குறுந்தகட்டை வாங்கியவர், விதிகளைத் தாமே ஆடிக் கண்டுபிடித்தார். ஒரே கணினியில் முறைமாற்றி ஆட வசதியுள்ள விளையாட்டு இது என்பதால், ஒருவர் வீட்டில் நால்வர் கூடி ஆடுவது இயல்பாக இருந்தது. அவர்களுடைய கருத்துகள் வாய்மொழியாகவே நின்றன. பெரும்பாலும் எழுதப்படவே இல்லை.

இதிலிருந்து நம் சான்றுகளின் குறையும் தெரியவருகிறது. எழுதப்பட்டுக் கிடைக்கும் கருத்துகள் பெரிதும் ஆங்கிலம், ரஷ்யம், போலிஷ் முதலிய மொழிகளைச் சேர்ந்தவை. ரஷ்யாவிலும் போலந்திலும் இவ்விளையாட்டுக்குள்ள செல்வாக்கு அறியப்பட்டதே. தமிழிலோ இந்தியிலோ அந்நாளில் எழுதப்பட்டவை அரிது. மேலும், இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னும் ஒரு விளையாட்டைப் பற்றி எழுதுபவர் அதை நேசிப்பவராகவே இருப்பார். சலித்து விலகியவர் தம் சலிப்பை எழுதிவைப்பதில்லை. ஆகவே கிடைக்கும் தொகுதி புகழ்ச்சியின் பக்கம் சாய்ந்தே இருக்கும். 2002இல் வந்த நான்காம் பாகத்தில் நாயகரே களத்தில் இறங்கிப் போரிட்டார். அம்மாற்றத்தை வெறுத்தவர் பலர். துணிச்சலான முயற்சி என மதித்தவரும் உண்டு. மூன்றாம் பாகத்தின் ஒளியில் நான்காம் பாகத்தை அளப்பவர்களின் குரலே ஓங்கி ஒலிப்பதால், இரண்டாம் வகையினரைத் தேடித்தான் காண வேண்டியிருக்கிறது. இக்குறைகளைச் சுட்டி இச்சான்றையே மறுப்பவர்களிடம் ஒன்று கேட்கலாம்: குறையற்ற சான்று எங்கே உள்ளது? கல்வெட்டில் கொடுத்தவர் பெயர் இருக்கிறது. பெரும்பாலும் உழுதவர் பெயர் இல்லை. அதற்காகக் கல்வெட்டியலை நாம் கைவிட்டதில்லை. சான்றின் சாய்வை அறிந்து படிக்கக் கற்றுக்கொண்டோம்.

ஆட்டக்காரரை ஏற்கத் தயங்குவதற்கு முறையியல் மட்டும் காரணமென நான் நினைக்கவில்லை. ஒரு பண்பாட்டு ஐயமும் இருக்கிறது. பிரேம்சந்த் 1924இல் எழுதி, சத்யஜித் ராய் 1977இல் படமாக்கிய சதுரங்க ஆட்டக்காரர் கதையில், அவத் அரசு வீழும் வேளையில் இருவர் காய் நகர்த்திக்கொண்டிருக்கின்றனர். ஆட்டத்தில் மூழ்கியவர் உலகை மறந்தவர் என்னும் படிமம் நம் நெஞ்சில் ஆழப் பதிந்துள்ளது. அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் கல்கத்தாவின் சௌவிக் முகர்ஜி 2017இல் வெளியிட்ட நூலில் காட்டியதுபோல, நாடுபிடிக்கும் விளையாட்டுகளை முன்னாள் குடியேற்ற நாட்டவர் ஆடும்போது, பேரரசு பற்றிய வினாக்கள் அவ்வாட்டத்துக்குள்ளேயே எழுகின்றன. உலகை மறக்கவும் ஆட்டம் உதவும். உலகைக் கேள்வி கேட்கவும் உதவும். எது நடந்தது என்பதை அறிய ஆடியவரைக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. விளையாட்டின் விதிகளை மட்டும் படித்துவிட்டு ஆட்டத்தைப் பற்றி எழுதுவது, பாட்டைக் கேளாமல் சுரக்குறிப்பை மட்டும் வைத்துக் கச்சேரி விமரிசனம் எழுதுவது போன்றது.

ஆகவே மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். ஒன்று, ஆய்வு நெறியாளர்களுக்கு: ஆட்டக்காரர் கருத்தை மேற்கோளாக ஏற்பதற்கு முன், அது எந்த ஆண்டில், விளையாட்டின் எந்த வடிவத்தைப் பற்றி, எத்தகைய ஆட்டத்திலிருந்து எழுந்தது என்னும் மூன்றையும் கேளுங்கள். விடை இருந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். தனியாள் கணினியோடு ஆடியதன் தீர்ப்பும், இருவர் போட்டியிட்டதன் தீர்ப்பும் ஒன்றல்ல. இரண்டு, மாணவர்களுக்கு: தொண்ணூறுகளில் ஆடத் தொடங்கியவர்கள் இன்று நாற்பதைக் கடந்திருக்கிறார்கள். உங்கள் அண்ணன், சித்தப்பா, தெருமுனைக் கணினி மையத்தை நடத்தியவர் ஆகியோரிடம் பேசிப் பதிவு செய்யுங்கள். என்ன ஆடினார்கள், எதை வெறுத்தார்கள், எந்த விதியைத் தங்களுக்குள் மாற்றிக்கொண்டார்கள் என்று அவர்கள் மொழியிலேயே கேளுங்கள். மூன்று, நூலகங்களுக்கும் சட்டம் செய்வோருக்கும்: விளையாட்டுத் துறையை வளர்ப்பது பற்றிப் பேசும்போது, அதன் ஆக்கங்களையும் அவற்றின் ஏற்பையும் காப்பது பற்றியும் ஒரு வரி சேருங்கள்.

அடிமை, நுகர்வோர் என்னும் இரு சொற்களுக்குள் அடங்காத மனிதர் ஒருவர், கழுகுக்கண் ஏன் பயனற்றது என்று பொறுமையாக விளக்கிக்கொண்டிருக்கிறார். அவர் சொல்வதில் பிழை இருக்கலாம், ஆய்ந்து மறுப்போம். முதலில் கேட்போம்.

மாற்றுக் கருத்துள்ளோர் காரணத்துடன் எழுதுக. இவ்விளையாட்டைத் தமிழ்நாட்டிலோ, தில்லியிலோ, இலங்கையிலோ, வேறெங்கோ அந்நாளில் ஆடியவர்கள், எந்த நகரத்தை விரும்பினீர்கள், ஏன் என்பதை மறுமொழியில் குறிப்பிட்டால் மகிழ்வேன்.